இருநூற்றுப் பதினான்கு நகல்கள்

மார்ச் 2, திங்கள்

ரசாயனக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இரண்டு மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்தது. இன்று எழுதத் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது. எங்கள் தலைவர் டாக்டர் உமையாள் கூப்பிட்டு, ஆய்வகத்தின் பழைய தரவுத்தளத்தையும் இப்போது சந்தையில் இருக்கும் புதியதையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை கேட்டிருக்கிறார். எட்டு வருடமாகப் பிரிண்டரில் தாள் சிக்கினால் இழுத்துவிடும் ஆளாக இருந்தவனுக்கு இது பெரிய விஷயம்தான்.

எங்கள் வேலை சின்ன வேலை. திருச்சியைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாள் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு கார்டில் நான்கு சொட்டு ரத்தம் வைத்துக் காயவைத்து அனுப்புவார்கள். தைராய்டு சுரப்பி வேலை செய்கிறதா என்று இங்கே பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் உடனே மாத்திரை. முதல் சில வாரங்களுக்குள் தொடங்கிவிட்டால் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல வளரும். தாமதமானால் மூளை வளர்ச்சி பின்தங்கிவிடும். பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் போனது வராது. அதனால்தான் டாக்டர் எதற்கெடுத்தாலும் வேகம் வேகம் என்கிறார்.

கடைவாய்ப்பல் ஒன்று குடைகிறது. மனைவி நாயகி கிராம்பு வைக்கச் சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

பழைய தளம் உடன் வேலை செய்யும் ஜமீலா எழுதியது. 2001இல் தனி ஆளாக. பொருள்நோக்குத் தரவுத்தளம். அதைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரலே மாறிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை, மறைப்பானேன்.

அறிக்கைக்காக அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன். உள்ளே வரும் ஒவ்வொரு கார்டும் அங்கே ஒரு தனிப் பொருள். வந்தவுடன் தளமே அதற்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிடும். அந்த எண் நம் கண்ணுக்குத் தெரியாது, எதனாலும் மாறாது. கார்டிலிருந்து குழந்தைக்கு, குழந்தையிலிருந்து தாய்க்கு, தாயிலிருந்து மருத்துவமனைக்கு என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரம்பலூர் மாவட்டத்தில் போன வருடம் எத்தனை குழந்தைகள் என்று டாக்டர் ஒரு கேள்வி கேட்டால், ஜமீலா இரண்டு நாள் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும்.

புதியது பொருள்-உறவுநிலை வகை. அட்டவணை, குறுக்கே வரிசை, மேலிருந்து கீழே பத்தி. எந்தக் கேள்வியையும் ஒரே வரியில் கேட்கலாம். பொருள்நோக்கின் வசதிகளும் பாதிக்கு மேல் உண்டு. ஒரு வரிசைக்குள் கார்டு முழுவதையும் ஒரே பொருளாக வைத்துவிடலாம்.

“வரிசையை எத வெச்சு சார் அடையாளம் காணுவீங்க?” என்று ஜமீலா கேட்டார்.

மருத்துவமனை, தாயின் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா. இந்த நான்கும் போதும் என்றேன்.

“புதுசுலயும் தளமே அடையாளம் குடுக்கற வசதி இருக்கு. அத எடுத்துக்குங்க. எல்லாம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு கார்டு ரெண்டு கார்டுதான் சார்.”

தேவையில்லாத சுமை என்று சொல்லிவிட்டேன். பிள்ளையைப் பெற்றவள் மாதிரிப் பேசுகிறார்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று புதையல் கிடைத்தது. பழைய தளத்தில் உள்ள முப்பத்தோராயிரம் பதிவுகளையும் வெளியே எடுத்து, மறுபடி ரத்தம் எடுத்ததாக ஏற்கெனவே இணைத்திருந்தவை நீங்கலாக, அந்த நான்கு விவரமும் ஒத்துப்போகிறவை எத்தனை என்று பார்த்தேன். 214 நகல்கள். ஒரே மருத்துவமனை, ஒரே தாய், ஒரே தேதி, அச்சு அசலாக இரண்டாம் முறை பதிந்தவை. எட்டு வருடமாகக் குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறது அந்த அருமைத் தளம்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டேன். பழைய தளத்தின் குறைகள் என்ற தலைப்பின் கீழ், முதல் குறையாக.

‘குறிப்பு’ என்ற பத்தியைப் புதியதில் எடுத்துவிட்டேன். நூற்றில் தொண்ணூற்றொன்பது பதிவில் அது வெறுமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

கூட்டம். டாக்டர், நிர்வாகக் குழுவில் இரண்டு பேர், நான், ஜமீலா. 214 என்று சொன்னபோது எல்லோரும் ஜமீலாவைத்தான் பார்த்தார்கள். அவர் பட்டியலைக் கேட்டார். பின்னிணைப்பில் இருக்கிறது என்றேன். பின்னிணைப்பு எதுவும் நான் வைக்கவில்லை. யார் அதையெல்லாம் படிக்கப்போகிறார்கள்?

புதியதற்கு மாறுவதென்று முடிவாகிவிட்டது. நாயகிக்கு அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன். பல்லுக்கு ஆகாது என்று தெரிந்தும் நானும் இரண்டு தின்றேன்.

ஏப்ரல் 4, சனி

மாற்றம் முடிந்தது. நகல்கள் நீங்கலாக எல்லாம் ஏறிவிட்டன. ஜமீலாவைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கார்டு, ஊசி, உறைகளை எண்ணிக் கொடுக்கும் வேலை. போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுப் போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 6, திங்கள்

புதிய தளம் ஓடத் தொடங்கியது. பெரம்பலூர்க் கேள்விக்கு நான்கு விநாடியில் பதில். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாவட்டமாகக் கேட்டுப் பார்த்தார்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் செய்திருக்கிறேன். முதல் ரத்தம் போதாவிட்டால் அதே குழந்தைக்கு மறுபடி எடுத்து அனுப்புவார்கள்; ரிப்பீட் என்போம். முன்பெல்லாம் எந்தக் கார்டுக்கு எது ரிப்பீட் என்று ஓர் ஆள் பார்த்து இணைக்க வேண்டும். இப்போது அதே நான்கு விவரத்துடன் இரண்டாம் கார்டு வந்தால் தளமே ரிப்பீட் என்று எடுத்துக்கொண்டு, பழைய முடிவின் மேல் புதிய முடிவை எழுதிவிடும். ஆளே வேண்டாம்.

ஏப்ரல் 29, புதன்

முசிறிப் பக்கத்துச் சின்ன மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து உயிரை வாங்கிவிட்டார். செவ்வந்தி என்கிற தாய்க்கு ஒரு ரிப்போர்ட்தான் வந்தது, இன்னொன்று வரவில்லையாம். திரையில் பார்த்தேன். ஒரு குழந்தை, ஒரு ரிப்பீட், முடிவு நார்மல். வந்ததைத் தொலைத்துவிட்டு இல்லை என்கிறார்கள், வேறென்ன? அதையே இன்னொரு முறை அச்செடுத்துத் தபாலில் அனுப்பினேன்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் புகைகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 15, வெள்ளி

பல் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூன் 10, புதன்

மதியம் ஜமீலா வந்தார். கையில் கிடங்கு நோட்டு. நின்றபடியே பேசினார்.

“சுகவனம் சார், ரிப்பீட்டுக்குன்னு மஞ்சக் கோடு போட்ட கார்டு தனியா குடுக்கறோம்ல. ஏப்ரல்ல இருந்து அம்பத்தெட்டு வந்திருக்கு. உங்க மாச அறிக்கையில ரிப்பீட் எழுபத்தினாலுன்னு போட்டிருக்கீங்க. மிச்சம் பதினாறு எங்கேர்ந்து வந்துச்சு?”

மஞ்சள் கார்டு தீர்ந்துபோய்ச் சாதாரணக் கார்டில் எடுத்திருப்பார்கள் என்றேன். எந்த மருத்துவமனையிலும் தீரவில்லை, கேட்டுவிட்டேன் என்றார். பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சாதாரணக் கார்டில்தான் எடுத்திருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பல் உயிர் போகிறது.

ஜூன் 11, வியாழன்

வேலை குறைவாக இருந்ததால் மார்ச் மாதத்து 214ஐச் சும்மா திறந்து பார்த்தேன். ஜோடி ஜோடியாக வருகின்றன. இரண்டு இடத்தில் மூன்று மூன்று. நான்கு எங்கும் இல்லை. கார்டு எண்கள் எல்லாம் அடுத்தடுத்து. தவறி இரண்டு முறை பதிந்திருந்தால் கார்டு எண்ணும் ஒன்றாகவே அல்லவா இருந்திருக்கும்.

மார்ச்சில் நான் கார்டு எண்ணைப் பார்க்கவில்லை. மூடிவிட்டேன். சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

விடுப்பு. பல்.

ஜூன் 13, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று. நாயகி ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தாள். வாய் வலிக்குதா என்று கேட்டாள். தலையசைத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

தொட்டி கழுவினேன். மின்விசிறி துடைத்தேன். பழைய செய்தித்தாளைக் கட்டிக் கடையில் போட்டேன். மதியம் தூங்கப் பார்த்தேன். கொக்கியில் தொங்கும் வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆய்வகம் பதினைந்து நிமிடத் தொலைவுதான். ஞாயிற்றுக்கிழமையும், கார்டுகளை அடுக்கி வைத்திருக்கும் குளிர்அறையின் சாவி காவலாளியிடம் இருக்கும்.

நாளை பார்க்கலாம்.

ஜூன் 15, திங்கள்

நான் போய்ப் பார்க்கவில்லை. ஜமீலாவே கார்டுகளை எடுத்து வந்துவிட்டார்.

காலையில் என் மேசையில் முப்பத்திரண்டு கார்டுகள் இருந்தன, இரண்டிரண்டாக ரப்பர் பேண்டு போட்டு. ஜமீலா பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு ஜோடியிலும் மேல்மூலையில் மருத்துவமனை நர்ஸ் பேனாவால் வட்டம் போட்டு எழுதியிருந்தார்: ஒன்றில் 1, மற்றதில் 2. அந்த 1-ஐயும் 2-ஐயும் ஜமீலா காலத்தில் குறிப்புப் பத்தியில் பதிவார்கள். நான் எடுத்துவிட்ட பத்தி.

இரட்டைக் குழந்தைகள். பிறந்த மூன்றாம் நாளில் பெயர் இருக்காது. செவ்வந்தி குழந்தை, ஆண், இன்ன தேதி. இன்னொன்றும் செவ்வந்தி குழந்தை, ஆண், அதே தேதி. என் தளத்தில் அவர்கள் ஒரே ஆள். முதலில் பதிந்தவனின் முடிவின் மேல் அடுத்தவனின் முடிவை எழுதிவிட்டது. சொன்னபடி செய்தது, நான்தான் அப்படிச் சொல்லிவைத்தேன். மார்ச்சில் நான் அழித்த 214 பேரும் யாரோ ஒருவருடைய அண்ணனோ தம்பியோ அக்காவோ தங்கையோதான். அவர்களுக்கெல்லாம் அந்தந்தக் காலத்திலேயே முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது, பழைய தளத்தின் புண்ணியத்தில். இந்தப் பதினாறு பேர்தான் என்னிடம் மாட்டியவர்கள்.

ஜமீலா திட்டவில்லை. “எனக்கும் ரெட்டப் பிள்ளைங்க ஞாபகமே வரல சார். பழசுல அத யோசிக்க வேண்டிய தேவையே இல்ல. ரெண்டு வந்தா ரெண்டா இருக்கும், அவ்ளோதான்” என்றார்.

ரத்தம் சோதிக்கும் இயந்திரம் தினமும் அச்சிடும் தாள்களைக் கோப்பில் வைத்திருப்போம். இருவரும் உட்கார்ந்து கார்டு எண்ணை வைத்துத் தேடினோம். அழிந்துபோன பதினாறு முடிவில் பதினைந்து நார்மல். மதியத்துக்குச் சற்று முன் பதினாறாவது கிடைத்தது. சுரப்பி வேலை செய்யாவிட்டால் ஏறும் அளவு, இருக்க வேண்டியதைப் போல் பத்து மடங்கு. செவ்வந்தி, ஆண், மூலையில் 2. பிறந்த தேதி ஏப்ரல் 17.

முசிறி. நானே இரண்டாம் முறை அச்செடுத்து அனுப்பியது.

ஜமீலா தாளின் மேல் விரலை வைத்தபடியே கேட்டார்: “இது உங்களுக்கு எப்ப சார் தெரியும்?”

இப்போதுதான் என்று சொன்னேன்.

ஜூன் 16, செவ்வாய்

டாக்டர் நேற்றே முசிறி மருத்துவமனைக்குப் போன் செய்து முகவரி வாங்கிவிட்டார். காலை ஆறு மணிக்கு ஆய்வக வண்டியில் கிளம்பினோம், நர்ஸ் ரெஜினாவும் நானும். நான் வர வேண்டிய அவசியமில்லை என்றார் டாக்டர். வருகிறேன் என்றேன்.

முசிறி தாண்டி வாய்க்காலை ஒட்டிய தெரு. செவ்வந்திக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கணவர் வாழைத்தார் லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். ரெஜினா பதமாகத்தான் சொன்னார்: இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு ரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று.

அந்தப் பெண் உள்ளே ஓடிப்போய், வீறிட்டு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இவனாத்தான் இருக்கும்க்கா. பெரியவன். ராவும் பகலும் அழுவுறான், என்னமோ இருக்குன்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். சின்னவன் சமத்து. அழவே மாட்டான். பாலுக்குக்கூட நான்தான் எழுப்பணும்.”

ரெஜினா என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சின்னவன் தூளியில் கண்ணை மூடிக் கிடந்தான். உப்பிய முகம், உதட்டுக்கு வெளியே தெரியும் நாக்கு, தூக்கினால் துணி மாதிரித் துவண்டுபோகும் கை. குதிகாலில் ஊசி குத்தியபோது முகத்தைச் சுளித்தான். சத்தமே வரவில்லை.

அதற்குள் செவ்வந்தி ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் ரிப்போர்ட்கள் இரண்டு, மடங்காமல் வைத்திருந்தாள். நார்மல், நார்மல். ஒன்றின் மேல் பேனாவால் ‘பெரியவன்’ என்றும் மற்றதன் மேல் ‘சின்னவன்’ என்றும் எழுதியிருந்தாள்.

இரண்டு பேருக்கும் வந்துவிட்டதே சார், இரண்டுமே நல்லபடியாகத்தானே போட்டிருக்கிறது என்றாள். ஆய்வகத்தில் ஒரு கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 17, புதன்

சந்தேகத்துக்கு இடமில்லை. மாத்திரை இன்றே தொடங்கியாயிற்று. பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துத் தினமும் காலையில்.

ஜூன் 19, வெள்ளி

எவ்வளவு போயிருக்கும் என்று டாக்டர் உமையாளிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எப்போது தெரியும் என்றேன். “நடக்கணும், பேசணும், ஸ்கூலுக்குப் போகணும். அப்பத்தான் தெரியும். ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிருக்க வேண்டியது, ரெண்டு மாசம் ஆயிடுச்சு. இனிமே ஒரு நாள்கூட விடக் கூடாது, அவ்ளோதான் நம்ம கையில இருக்கு.”

குடும்பத்துக்குப் போகும் கடிதத்தில் ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறது நிர்வாகக் குழு. நேரில் யாரும் எதுவும் பேச வேண்டாமாம்.

தளத்தைச் சரிசெய்துவிட்டேன். தளமே அடையாளம் கொடுக்கும் அந்த வசதி, மார்ச்சில் ஜமீலா சொன்னது. எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. ஒன்பது நிமிடம் ஆயிற்று. புதியதன் மேலும் குற்றமில்லை, பழையதன் மேலும் குற்றமில்லை. நாற்பது பக்கம் ஒப்பிட்டு எழுதினேன். ஒப்பிட்டவன் எப்படிப்பட்டவன் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன்.

இப்போதுதான் தெரியும் என்று ஜமீலாவிடம் சொன்னேன். பொய். மஞ்சள் கோடு என்று அவர் வாயெடுத்தபோதே எங்கோ தவறு என்று புரிந்துவிட்டது. பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். பதினொன்றாம் தேதி பட்டியலைப் பார்த்த பிறகு சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. வேண்டுமென்றே பல்லைப் பிடுங்கிக்கொண்டேன், தொட்டி கழுவினேன், செய்தித்தாள் கட்டினேன். அந்தப் பிள்ளை தூளியில் கிடந்தான்.

கார்டு வந்த ஏப்ரல் இருபத்திரண்டிலிருந்து ஜூன் ஒன்பதுவரை போன நாட்களுக்கு அறியாமை என்று பெயர் வைக்கலாம். பத்திலிருந்து பதினான்குவரை ஐந்து நாள். அதற்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

நாயகியிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுத் துணி மடிப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி மடித்தாள்.

ஜூன் 24, புதன்

ஜமீலாவிடம் உண்மையைச் சொன்னேன். “தெரியும் சார்” என்றார். “பத்தாம் தேதி உங்க மூஞ்சியப் பார்த்தேன். நானாச்சும் அன்னைக்கே குளிர்அறைக்குப் போயிருக்கணும். நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

மதியம் அவர் கார்டு எண்ணுவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஜூன் 29, திங்கள்

செவ்வந்தி போன் செய்தாள். ரெஜினா கொடுத்த எண். ரெஜினா விடுப்பு, நான் எடுத்தேன்.

பதற்றமாக இருந்தாள். சின்னவன் இரண்டு நாளாக அழுகிறானாம். பசிக்கு அழுகிறான், ஈரத்துக்கு அழுகிறான், கீழே விட்டால் அழுகிறான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். பின்னால் சத்தம் கேட்டது. இரண்டு குரல். ஒன்று கணீரென்று, மற்றது கரகரப்பாக, பழக்கமில்லாத குரல்.

நிறுத்தாதே அம்மா என்றேன். அழ வேண்டும், இத்தனை நாள் அழாததுதான் நோய் என்றேன். சமத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்றாள். பிறகு எனக்கு நன்றி சொன்னாள். தேடி வந்து கண்டுபிடித்தீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். கண்டுபிடித்தவர் பெயர் ஜமீலா என்று சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டு ரிப்போர்ட்ல சின்னவனோடது எது சார்? அதக் கிழிச்சுப் போட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு.”

தொழில்நுட்பக் காரணங்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது.

“ரெண்டுமே பெரியவனோடதும்மா. சின்னவனுக்கு ரிப்போர்ட்டே வரல.”

“ரெண்டாவதா ஒண்ணு தபால்ல வந்துச்சே சார். நர்ஸம்மா கேட்டு வாங்கித் தந்தாங்களே. அது யாரு அனுப்புனது?”

“நான்தான்மா.”

அவள் போனை வைக்கவில்லை. சின்னவன் அழுதுகொண்டே இருந்தான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.